புது லென்ஸ் போட்ட பிறகு கண் ஏன் எரிகிறது?

கேள்வி: எட்டு வருடமாக மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். மாதம் ஒருமுறை மாற்றும் வகை. பழைய லென்ஸில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் பரிசோதனைக்குப் போனபோது, கருவிழியின் ஓரத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வளர்ந்திருக்கின்றன என்று சொல்லி, சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து காலையில் லென்ஸ் வைத்ததும் எரிகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாகிறது. கரைசலை மாற்றவில்லை, எப்போதும் வாங்கும் அதே பல்நோக்குக் கரைசல்தான். என் தோழி ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலுக்கு மாறச் சொல்கிறாள். புண் கழுவும் மருந்தைக் கண்ணில் வைக்கும் பொருளுக்கு எப்படிப் பயன்படுத்துவது? கரைசல் எல்லாமே உப்புத் தண்ணீர்தானே, எதுவாக இருந்தால் என்ன? சுத்தத்தில் நான் குறை வைப்பதில்லை. லென்ஸ் வைக்கும் கேஸைத் தினமும் குழாயில் கழுவுகிறேன், கரைசல் குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறேன். பேசாமல் பழைய லென்ஸுக்கே போய்விடலாமா டாக்டர்?

பதில்: பழைய லென்ஸுக்குப் போக வேண்டாம் அம்மா. காரணங்களைச் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். கேஸைக் குழாயில் கழுவுவதையும், மிச்சமிருக்கும் கரைசலின் மேல் புதிதாக ஊற்றுவதையும் இன்றிரவே நிறுத்திவிடுங்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலையும் மங்கலையும்விட எனக்கு அந்த வரிதான் அதிகக் கவலை தந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ரத்தக் குழாய்கள். கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் தெளிவான படலத்தை, அதாவது கார்னியாவை. அதில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்க முடியாது. அதனால் விழித்திருக்கும் நேரத்தில் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே, கண்ணீரில் கரைந்த நிலையில், அது எடுத்துக்கொள்கிறது. மேலே ஒரு லென்ஸை வைத்தால் ஆக்சிஜன் அந்த லென்ஸைக் கடந்துதான் உள்ளே போயாக வேண்டும். போதவில்லை என்றால் கருவிழி லேசாக வீங்கும். வருடக்கணக்கில் அப்படியே நீடித்தால் வெண்விழியின் ஓரத்திலிருந்து மெல்லிய குழாய்கள் உள்ளே ஊர்ந்து வரும். வலிக்காது, அரிக்காது. பழைய லென்ஸில் தொந்தரவே இல்லை என்று நீங்கள் எழுதியது உங்கள் வரையில் உண்மை. உங்கள் கருவிழிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

அது ஏன் என்பது பழைய லென்ஸின் வேதியியலில் இருக்கிறது. 1940களின் கடைசியில் வந்த கருவிழி லென்ஸ்கள் கடினமான பிளாஸ்டிக், பி.எம்.எம்.ஏ. அதன் வழியாக ஆக்சிஜன் போகாது என்றே சொல்லலாம். இமைக்கும்போது ஓரத்தில் புகும் கண்ணீரை நம்பித்தான் கருவிழி பிழைத்தது. அப்புறம் செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டெர்லே, ட்ராஹோஸ்லாவ் லிம் என்ற இரண்டு வேதியியலாளர்கள், தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒரு பாலிமரை (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள்) உண்டாக்கினார்கள். 1960இல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். அதைச் சரியான லென்ஸாக வார்க்கத்தான் வழி தெரியவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டெர்லே தன் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானத் துண்டுகளையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழலும் கருவி ஒன்றைச் செய்து, அதில் பாலிமராக இறுகும் திரவத்தை விட்டு, பயன்படக்கூடிய முதல் மென் லென்ஸ்களை வார்த்தார். இன்று கோடிக்கணக்கானோர் அணியும் பொருளுக்கு ஆரம்பம் அதுதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறையும் கதை.

அந்தப் பாலிமரின் அடிப்படையான பொருளுக்கு ஹெமா என்று பெயர். அதன் சங்கிலியில் வரிசையாகத் தொங்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம் தண்ணீர். கேஸுக்கு வெளியே தவறி விழுந்த லென்ஸ் ஒன்றை மறுநாள் காலையில் பார்த்திருப்பீர்கள். சுருங்கி, ஓரம் மடிந்து, மீன் செதில்போல் மொறமொறவென்று கிடக்கும், விரலால் அழுத்தினால் உடையும். தண்ணீர் போய்விட்டால் மிஞ்சுவது அதுதான்.

இந்த லென்ஸில் ஆக்சிஜன் பயணிப்பது அந்தத் தண்ணீரில் கரைந்துதான். ஆகவே தண்ணீரைக் கூட்டினால் ஆக்சிஜனும் கூடும் என்று 50, 60, 70 சதவீதம் வரை போய்ப் பார்த்தார்கள். ஆனால் முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் அதன் வழியே ஆக்சிஜன் போகும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் ஏற ஏற லென்ஸ் கிழியும், சீக்கிரம் உலரும், அதைச் சமாளிக்கத் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கும். தடிமன் கூடினால் ஆக்சிஜன் மறுபடி குறையும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது.

எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதற்கு 1984இல் பிரையன் ஹோல்டன், ஜார்ஜ் மெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். லென்ஸ் ஆக்சிஜனைக் கடத்தும் திறனை ஓர் எண்ணால் குறிப்பார்கள். பகலில் மட்டும் அணிய அது 24 ஆவது இருக்க வேண்டும், தூங்கும்போதும் அணிய 87 வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த எண்களை இன்னும் மேலே தள்ளின. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஹெமா லென்ஸுக்கு அந்த எண் 10கூட எட்டாது. மெல்லியதாகச் செய்தால் சற்று ஏறும், அவ்வளவுதான். எட்டு வருடம் நீங்கள் அணிந்தது எந்த வகை, எத்தனை தண்ணீர் என்று தெரியவில்லை. ஆனால் அந்த ரத்தக் குழாய்கள், அது போதவில்லை என்று காட்டுகின்றன.

சிலிகோன் இதை வேறு வழியில் தீர்த்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் அதன் சங்கிலி மிகவும் நெகிழ்வானது. அசைந்து அசைந்து இடைவெளி விடும், வாயு அதில் எளிதாக நுழைந்து போகும். ஆனால் சிலிகோனுக்குத் தண்ணீர் ஆகாது. வெறும் சிலிகோன் ரப்பரில் செய்த லென்ஸ்கள் கண்ணில் நனையவில்லை, கருவிழியோடு ஒட்டிக்கொண்டன. சரி, ஹெமாவையும் சிலிகோனையும் சேர்த்துவிடலாம் என்றால், எண்ணெயும் தண்ணீரும்போல் இரண்டும் பிரிந்து போய்ப் பால்போல் வெளுத்த பிளாஸ்டிக்தான் கிடைத்தது. ஒளி புகாத லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டையும் இணைக்கும் கைப்பிடிகளை மூலக்கூறிலேயே ஒட்டி, ஒளியின் அலைநீளத்தைவிட நுண்ணிய அளவில் அவற்றைப் பின்னிப் பிணைய வைக்கக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. 1990களின் இறுதியில்தான் சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் கடைக்கு வந்தன. முதலில் வந்தவற்றில் ஒன்றில் தண்ணீர் வெறும் 24 சதவீதம். ஆனால் அது செய்யப்பட்ட பொருள் ஆக்சிஜனை ஊடுருவ விடும் அளவு 140. தண்ணீர் குறைந்தது, ஆக்சிஜன் பல மடங்கு கூடியது. உங்கள் கருவிழிக்கு வேண்டியது அதுதான். லென்ஸை மாற்றிக் கொடுத்தவர் சரியாகவே செய்திருக்கிறார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதோடு தூங்கிவிடாதீர்கள். தூக்கத்தில் அணிவதால் வரும் தொற்று அபாயம் இந்த லென்ஸிலும் போகவில்லை.

இனி மாலை மங்கலுக்கு வருவோம். தண்ணீருக்கு ஆகாத சிலிகோனுக்கு எண்ணெய் நெருங்கிய சொந்தம். நம் கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் மிதக்கிறது. இமை ஓரச் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன, கண்ணீர் காயாமல் காப்பதே அதுதான். சிலிகோன் லென்ஸின் பரப்பு காற்றுபட்டு உலரும்போது, உள்ளே இருக்கும் சிலிகோன் சங்கிலிகள் புரண்டு மேலே வருகின்றன. எண்ணெய் அங்கே ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் ஒட்டிய இடத்தில் கண்ணீர் நிற்பதில்லை, இன்னும் உலர்கிறது, இன்னும் ஒட்டுகிறது. ஸ்லிட் லேம்ப் கருவியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒருவர் இமைத்ததும் லென்ஸ் முழுதும் பளபளவென்று இருக்கும். நான்கைந்து விநாடியில் நடுவில் ஒரு திட்டு மங்கும், அது கை கால் முளைத்துப் பரவும், அதற்குள் அவர் அடுத்த இமைப்பை இமைத்துவிடுவார். மாலையில் உங்களுக்குத் தெரியும் எண்ணெய்க் கண்ணாடி அநேகமாக அந்தத் திட்டுதான்.

இதை மறைக்கத் தயாரிப்பாளர்கள் செய்ததெல்லாம் தனிக் கதை. முதலில் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, கொண்டு மேல்பரப்பை மட்டும் மாற்றினார்கள். பிறகு நீரை விரும்பும் பாலிமர் ஒன்றை லென்ஸுக்குள்ளேயே கலந்தார்கள். இப்போது உள்ளே 33 சதவீதம் தண்ணீரும், மேல்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீரும் இருக்கும்படி படிப்படியாக மாறும் தினசரி லென்ஸ்கூட இருக்கிறது. ஆகவே சிலிகோன் ஹைட்ரோஜெல் என்பது ஒரே பொருளின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பெட்டியின் மேல் 'ஃபில்கான்' என்று முடியும் ஒரு சொல் இருக்கும், மென் லென்ஸ் பொருள்களின் பெயர் எல்லாம் அப்படித்தான் முடியும். அந்தச் சொல்லும் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் சதவீதமும்தான் லென்ஸின் உண்மையான அடையாளம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிகோன் கலக்காத பழைய ஹைட்ரோஜெல் லென்ஸ்களில் படிவது பெரும்பாலும் புரதம். மின்னேற்றம் உள்ள சில வகைகள் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் என்ற புரதத்தை ஏராளமாக இழுத்துக்கொள்ளும். அந்தப் படிவுக்கு ஏற்பப் பழகிய உங்கள் கை, புதிய லென்ஸின் எண்ணெய்ப் படிவை அப்படியே விட்டுவிடுகிறது என்று சந்தேகப்படுகிறேன். வெறுமனே ஊறவைத்தால் எண்ணெய் போகாது. பாத்திரத்தில் உள்ள பிசுக்கை ஊறவைத்தே போக்க முடியாததுபோல்தான், தேய்க்க வேண்டும். கரைசலில் சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் விரல் உதவினால்தான் அது வேலையை முடிக்கும். இரவில் லென்ஸைக் கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, புதுக் கரைசல் சில சொட்டு விட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி தேய்த்து, கரைசலாலேயே அலசிவிட்டுப் பிறகு ஊறவையுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று புட்டியில் எழுதியிருந்தாலும் தேய்க்கலாம், தேய்க்க வேண்டும். அதற்கு முன் கை கழுவும் சோப்பு, ஈரப்பதக் கிரீம் கலக்காத சாதாரண சோப்பாக இருக்கட்டும். அந்தக் கிரீம் நேரே லென்ஸுக்குப் போய்விடும்.

காலை எரிச்சல் வேறு விஷயம். கரைசல் உப்புத் தண்ணீர் என்கிறீர்கள். உப்பு உண்டு, அமில காரச் சமநிலையைக் காக்கும் போரேட் அல்லது பாஸ்பேட் உண்டு, தேய்ப்புக்கான சோப்புப் பொருள் உண்டு, சிலவற்றில் ஈரம் காக்கும் ஹயலுரோனேட்டும் உண்டு. இவற்றோடு கிருமிகொல்லி ஒன்று. வெறும் சலைனில் அது இருக்காது, அதனால் சலைன் அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது. பழைய காலத்தில் தைமெரோசால், குளோர்ஹெக்சிடின் போன்ற சிறு மூலக்கூறுகளைப் பயன்படுத்தினார்கள். அவை பஞ்சில் மை ஊறுவதுபோல் மென் லென்ஸுக்குள் ஊறி, கண்ணில் வைத்த பிறகு மெல்ல வெளியே கசிந்தன. எத்தனையோ பேருக்குக் கண் சிவந்தது. அதற்குப் பதிலாக வந்தவைதான் பாலிகுவாட்டர்னியம்-1, பாலிஹெக்சனைடு போன்ற நீளமான மூலக்கூறுகள். நேர்மின் ஏற்றம் கொண்டவை, எதிர்மின் ஏற்றமுள்ள பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டி அதைக் கிழிக்கின்றன. பாலிஹெக்சனைடு கரைசலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே போதும். உருவம் பெரிதாக இருப்பதால் லென்ஸின் துளைகளுக்குள் எளிதில் நுழையாது.

எளிதில் நுழையாது என்பதற்காக ஒட்டவே ஒட்டாது என்று சொல்ல முடியாது. சில லென்ஸ் பொருளும் சில கிருமிகொல்லியும் சேரும்போது ஓரளவு லென்ஸில் தங்கி, கண்ணில் வைத்த முதல் சில மணி நேரத்தில் வெளியே வருகிறது. அந்தச் சமயத்தில் ஃப்ளூரசின் என்ற சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழி முழுக்கவோ ஓரத்தில் வளையமாகவோ ஊசி குத்தியதுபோல் பச்சைப் புள்ளிகள் மின்னும். இரண்டு மணி நேரத்தில் அதிகமாக இருக்கும், மதியத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். வைத்ததும் எரிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிறது என்று நீங்கள் எழுதிய கணக்கு இதோடு பொருந்துகிறது. அந்தப் புள்ளிகள் கருவிழிக்கு உண்மையான சேதமா, இல்லை சாயம் அங்கே கூடுதலாக ஒட்டுவதுதானா என்று நிபுணர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. என் வழக்கம் எளிது: புள்ளி மட்டும் இருந்தால் கவனித்து வருவேன், புள்ளியோடு எரிச்சலும் இருந்தால் கரைசலை மாற்றச் சொல்வேன். லென்ஸை மாற்றியபோதே உங்கள் கரைசலையும் யாராவது விசாரித்திருக்க வேண்டும். லென்ஸும் கரைசலும் ஜோடி. ஒன்றை மாற்றும்போது மற்றது ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

இந்த இடத்தில்தான் உங்கள் தோழி சொன்ன பெராக்சைடு வருகிறது. புண் கழுவும் அதே பொருள்தான், அதே 3 சதவீதம்தான். ஆனால் லென்ஸுக்கென்று விற்கும் கரைசலையும் அதோடு வரும் கேஸையும்தான் பயன்படுத்த வேண்டும், மருந்துப் பெட்டியில் இருக்கும் புட்டியைத் தொடக் கூடாது. அந்தக் கேஸ் நீண்ட குவளைபோல் இருக்கும். மூடியிலிருந்து இரண்டு சின்னக் கூடைகள் தொங்கும், அவற்றுக்குக் கீழே கரும்சாம்பல் நிற வட்டு ஒன்று இருக்கும். அதன் மேல் பிளாட்டினம் பூசியிருக்கிறது. குவளையில் கோடு வரை ஊற்றிக் கூடையை இறக்கியதும், வட்டிலிருந்து நுரை நுரையாகக் குமிழிகள் கிளம்பும். பிளாட்டினம் தொட்டுத் தொட்டுப் பெராக்சைடை உடைக்கிறது. முதல் சில நிமிடங்களில் கிருமிகளுக்கு முழு வேகத் தாக்குதல், பிறகு மெல்ல மெல்ல அடங்கி, 6 மணி நேரத்தில் மிஞ்சுவது தண்ணீர், கரைந்த ஆக்சிஜன், கொஞ்சம் உப்பு. கண்ணுக்குள் கசிய எந்தக் கிருமிகொல்லியும் அதில் இல்லை. கரைசல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இது அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல. 6 மணி நேரத்துக்கு முன் எடுக்கக் கூடாது. வட்டு இல்லாத சாதாரணக் கேஸில் ஊற்றவே கூடாது. காலையில் லென்ஸை ஒருமுறை அலசலாமே என்று அந்தப் புட்டியிலிருந்து நேரே விட்டுக் கண்ணில் வைத்தால், ஆசிட் விட்டதுபோல் எரியும், கருவிழியின் மேல்தோல் பாதிக்கப்படும். புட்டியின் முனையைச் சிவப்பாகச் செய்திருப்பது அதை நினைவூட்டத்தான். தவறிப் பட்டுவிட்டால் உடனே லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணை நன்றாக அலசிக்கொண்டே இருங்கள், பிறகு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிளாட்டினமும் நாளடைவில் தேயும், புதுப் புட்டியோடு வரும் கேஸை உடனே பயன்படுத்தத் தொடங்குங்கள். இன்னொன்று: அடங்கிய பிறகு அந்தக் கேஸில் இருப்பது கிருமிகொல்லி இல்லாத தண்ணீர். லென்ஸைப் பல நாள் அப்படியே விட்டுவைத்தால் மறுபடி புதுக் கரைசலில் சுத்தம் செய்த பிறகே அணிய வேண்டும். எத்தனை நாள் என்பது உள்ளே இருக்கும் தாளில் இருக்கும்.

இப்போது குழாய்த் தண்ணீர். அதில் அகாந்தமீபா என்ற ஓரணு உயிரி இருக்கலாம். குடித்தால் ஒன்றும் ஆகாது. லென்ஸில் ஏறிக் கருவிழிக்குப் போனால்தான் ஆபத்து. சூழல் ஒத்துவராதபோது இரட்டைச் சுவர் கொண்ட கூடாக மாறி ஒளிந்துகொள்ளும், அந்தக் கூட்டை உடைப்பது மருந்துகளுக்கும் கடினம். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும். அந்த வலியோடு வருபவர்களைப் பார்த்தால் மறக்க முடியாது. கரைசல்தான் கிருமியைக் கொல்கிறதே என்று கேட்பீர்கள். கரைசல்களைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 14729 தரநிலையில் மூன்று பாக்டீரியாக்களும் இரண்டு பூஞ்சைகளும்தான் இருக்கின்றன. இந்த அமீபா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தண்ணீர் லென்ஸையோ கேஸையோ தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் வேண்டாம். கை கழுவிய பின் துடைத்து உலர்த்திய பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

மேலே ஊற்றி நிரப்புவதில் என்ன தப்பு? அந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கிருமிகொல்லியை நினைத்துப் பாருங்கள். ஒரு இரவில் லென்ஸ் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, கேஸின் பிளாஸ்டிக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, அழுக்கும் கிருமிகளும் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. காலையில் மிஞ்சியிருப்பது பலம் போன நீர். அதன் மேல் பாதி ஊற்றினால் பாதி பலம்தான் கிடைக்கும். 2006இல் பல நாடுகளில் லென்ஸ் அணிந்தவர்களுக்கு ஃபுசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று வந்து, ஒரு பல்நோக்குக் கரைசலையே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் எல்லா விதியிலும் தேறிய கரைசல் அது. கரைசல் ஆவியாகிச் சுண்டும்போது அதில் இருந்த பாலிமர்கள் படலமாகி, அதற்குள் பூஞ்சை பத்திரமாக இருந்துவிட்டது என்பது அப்போது தெரியவந்த காரணங்களில் ஒன்று. பழையதை மாற்றாமல் மேலே ஊற்றும் பழக்கமும் அதற்குத் துணைபோனது. ஆகவே காலையில் லென்ஸை எடுத்ததும் கேஸில் இருப்பதை முழுக்கக் கொட்டிவிட்டு, புதுக் கரைசலால் உட்புறத்தைத் தேய்த்து அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியையும் கேஸையும் கவிழ்த்துக் காயவிடுங்கள். இப்போது வைத்திருக்கும் கேஸைத் தூக்கி எறிந்துவிடுங்கள். புதியதையும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். கரைசல் புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். தண்ணீரையும் நிரப்புவதையும் நிறுத்துவது இன்றைக்கே. தேய்த்துக் கழுவுவதை இரண்டு வாரம் செய்து பாருங்கள், மாலை மங்கல் குறைய வேண்டும். காலை எரிச்சல் நீடித்தால் பெராக்சைடுக்கு மாறலாம். அப்போதும் தேய்க்க வேண்டுமா, எதைக் கொண்டு என்பதை அந்தக் கரைசலின் தாளிலோ பரிசோதிப்பவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் அதிகம் படிபவர்களுக்குத் தனியாக ஒரு தேய்ப்புக் கரைசலையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. இரண்டும் கைகொடுக்கவில்லை என்றால் தினமும் கழற்றி எறியும் சிலிகோன் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். அதில் கரைசலும் இல்லை, கேஸும் இல்லை.

இதற்கிடையில் ஒரு கண்ணில் மட்டும் வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வைக் குறைவு என்று எது வந்தாலும் லென்ஸை எடுத்துவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் கேஸையும் கழுவாமல் அப்படியே எடுத்துப்போங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை உதவும்.

அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். ரத்தக் குழாய்கள் பின்வாங்குகின்றனவா என்று பார்க்க ஆறு மாதம் சரியான இடைவெளி. போகும் நாளில் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போகாதீர்கள். பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தால் எட்டு மணிக்கு லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைப் புள்ளிகள் இருக்குமானால் நன்றாகத் தெரியும் நேரம் அதுதான். லென்ஸ் பெட்டியையும் கரைசல் புட்டியையும் பையில் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.